பக்கத்தில் சேர்க்காத டிவ் ஏன் படங்களை இழுக்கிறது?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவின் ஃபைபர் போட் விடியற்காலையில் கிளம்பும் முன் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பக்கம் செய்திருக்கிறேன். காற்று, அலை அறிவிப்பு வரும் ஒரு தளத்தை என் சர்வர் வழியாக ஃபெட்ச் செய்கிறேன் (நிரலால் இழுத்து வருகிறேன்). வந்த ஹெச்டிஎம்எல்லை ஒரு டிவ்வின் (பக்கத்தில் பெட்டிபோல இருக்கும் உறுப்பு) இன்னர்ஹெச்டிஎம்எல்லில், அதாவது அதன் உள்ளடக்கமாக, போட்டு, அதற்குள் இருக்கும் டேபிளிலிருந்து நாலு எண்ணை எடுக்கிறேன். அந்த டிவ்வைப் பக்கத்தில் சேர்ப்பதே இல்லை. ஆனாலும் எவையெல்லாம் இறங்குகின்றன என்று ப்ரவுசர் காட்டும் நெட்வொர்க் டேபில் அந்தத் தளத்தின் பேனர், லோகோ எல்லாம் ஓடுகிறது, பாதிக்கு 404 (கிடைக்கவில்லை) வருகிறது. அப்பா போனில் டேட்டா வீணாகப் போகிறது. இதை எப்படி நிறுத்துவது?"

தம்பி, முதலில் கைமருந்து. இன்னர்ஹெச்டிஎம்எல்லை எடுத்துவிட்டு, ஹெச்டிஎம்எல் உரையைத் தனி ஆவணமாகப் பிரித்துத் தரும் டாம்பார்சரைப் போடுங்கள். ஒரு டாம்பார்சரை உருவாக்கி, அதன் பார்ஸ்ஃப்ரம்ஸ்ட்ரிங் என்ற செயலுக்கு வந்த உரையையும் 'டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்' என்ற வகையையும் கொடுத்தால் முழு ஆவணம் ஒன்று கையில் வரும். அதில், வேண்டிய உறுப்பைத் தேடித் தரும் குவெரிசெலக்டர் போட்டு டேபிளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரி மாற்றம்தான், படங்கள் அத்தோடு நின்றுவிடும். ஆனால் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் மாற்றினால், இதே கோளாறு வேறு வாசல் வழியாகத் திரும்ப வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ப்ரவுசர் அதை இறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொதுவாக ஒரு இமேஜ் உறுப்புக்கு முகவரி கிடைத்த நொடியே இறக்கம் தொடங்கிவிடும். அது பக்கத்தில் ஒட்டப்பட்டதா என்று ப்ரவுசர் பார்ப்பதில்லை, எந்த ஆவணத்துக்குச் சொந்தம் என்றுதான் பார்க்கிறது. நீங்கள் டாக்குமெண்ட்.கிரியேட்எலிமெண்ட் என்று டிவ் உருவாக்கும்போதே அது உங்கள் திறந்திருக்கும் பக்கத்தின் சொத்து. அதற்குள் விழும் ஒவ்வொரு இமேஜும் அப்படித்தான். ஓனர்டாக்குமெண்ட் என்ற பண்பைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் பக்கத்தையே காட்டும். குடும்ப அட்டையில் பெயர் ஏறியதைப்போல இது. பிள்ளை ஊரிலிருந்து இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றாலும், அட்டையில் பெயர் இருந்தால் அரிசி அவன் கணக்கிலும் இறங்கும்.

இது ப்ரவுசரின் பிழை இல்லை. முன்பெல்லாம் மெனு பட்டன்மேல் மவுஸ் போனால் படம் மாறும்படி செய்வார்கள். அந்த இரண்டாவது படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க, நியூ இமேஜ் என்று ஒன்றை உருவாக்கி முகவரியை மட்டும் கொடுத்து விட்டுவிடுவார்கள். பக்கத்தில் சேர்க்கவே மாட்டார்கள். எத்தனையோ தளங்கள் இந்த நடத்தையை நம்பி எழுதப்பட்டவை. ஆகவே அது தரநிலையிலும் அப்படியே நின்றுவிட்டது. வீடியோ, ஆடியோ உறுப்புகளும் இதே வகைதான்: சேர்க்காவிட்டாலும் தேடத் தொடங்கிவிடும். ஐஃப்ரேமும் ஸ்டைல்ஷீட் லிங்க்கும் வேறு வகை, பக்கத்தோடு இணைந்தால்தான் அவை கிளம்பும். இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாக வந்த ஸ்கிரிப்ட்டோ இணைந்தாலும் ஓடாது.

அந்தக் கடைசி விஷயம்தான் ஆபத்தான தைரியத்தைக் கொடுக்கிறது. 'ஸ்கிரிப்ட் ஓடாதே, அப்புறம் என்ன பயம்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இமேஜில் ஆன்எரர் என்று ஒரு பண்பு எழுதியிருந்தால், படம் கிடைக்காதபோது அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தின் முழு உரிமையோடு ஓடும். டிவ் எங்கும் ஒட்டப்படாமல் இருக்கும்போதே ஓடும். உங்களுக்குப் பாதிப் படங்கள் 404 ஆகின்றன என்றீர்களே, அந்த ஒவ்வொரு 404-உம் ஆன்எரர் ஓடுவதற்கான சந்தர்ப்பம். நீங்கள் எடுக்கும் தளம் நல்ல எண்ணத்தோடு நடத்தப்படுவதாகவே இருக்கட்டும். அதில் யாராவது கருத்து எழுதும் பெட்டி இருந்தாலோ, நாளைக்கு அந்தத் தளத்துக்குள்ளேயே யாராவது புகுந்தாலோ, அது உங்கள் அப்பா பார்க்கும் பக்கத்துக்கும் வந்து சேரும். டேட்டா வீணாவதைவிட இதுதான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும். டாலர் குறிக்குள் நேரடியாக ஹெச்டிஎம்எல்லைக் கொடுத்தால் இதே கதைதான். பார்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற செயல் 3.0 பதிப்பிலிருந்து தனி ஆவணம் ஒன்றை உருவாக்கி அதில் பிரிக்கிறது, அது பரவாயில்லை.

டாம்பார்சர் தரும் ஆவணத்துக்கு ஜன்னல் கிடையாது. எந்த டேபிலும் திறந்திருக்காத ஆவணம் அது. அதற்குச் சொந்தமான இமேஜுக்கு இறக்கம் இல்லை, ஸ்கிரிப்ட்டுக்கு ஓட்டம் இல்லை, ஆன்எரருக்கு வேலை இல்லை. உறுப்புகள் கிளைகிளையாக அமைந்த வெறும் மரமாக நிற்கும், நீங்கள் ஏறிப் பறித்துக்கொள்ளலாம். முழுப் பக்கமாக இல்லாமல் துண்டு ஹெச்டிஎம்எல் வந்தால், உதாரணமாக டேபிளின் வரிசைகள் மட்டும் வந்தால், டெம்ப்ளேட் உறுப்பு பொருத்தம். அதன் இன்னர்ஹெச்டிஎம்எல்லில் போட்டு, கன்டென்ட் பண்பின் வழியாக எடுக்கலாம். அதன் உள்ளடக்கமும் உயிரில்லாத தனி ஆவணத்துக்குத்தான் சொந்தம். டேபிள் இல்லாத வெறும் வரிசைகளை டாம்பார்சரிடம் கொடுத்தால், வரிசைக் குறிகளைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். டெம்ப்ளேட் அவற்றை வரிசையாகவே காப்பாற்றும்.

இனி இதில் கால் இடறும் இடங்கள்.

ஒன்று, உங்கள் 404-கள். அந்தத் தளத்தில் படத்தின் முகவரி முழுசாக இல்லாமல் '/படங்கள்/லோகோ' என்ற பாணியில் இருந்திருக்கும். உங்கள் பக்கத்தில் வைத்து அதைப் படிக்கும்போது, உங்கள் சர்வரிலேயே அந்தப் படம் இருப்பதாக நினைத்து அங்கே போய்த் தேடுகிறது. டாம்பார்சருக்கு மாறினால் இறக்கம்தான் நிற்கும், இந்தக் குழப்பம் போகாது. அந்த ஆவணத்துக்கும் உங்கள் பக்கத்தின் முகவரியே அடிப்படையாக வரும். ஆகவே ஒரு லிங்க்கின் ஹெச்ரெஃப் பண்பை நேராகக் கேட்டால் தவறான முகவரி கிடைக்கும். கெட்அட்ரிபியூட் மூலம் எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்து, நியூ யூஆர்எல் என்பதற்கு இரண்டாவதாக மூலப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் ரீடைரக்ட் ஆகியிருந்தால் கடைசியில் போய்ச் சேர்ந்த முகவரிதான் சரியானது. நடுவில் உங்கள் சர்வர் இருப்பதால் ரெஸ்பான்ஸ்.யூஆர்எல் உங்கள் சர்வரையே காட்டும், எனவே அந்தக் கடைசி முகவரியை சர்வர்தான் பதிலோடு போகும் ஒரு ஹெட்டரில் வைத்து அனுப்ப வேண்டும்.

இரண்டு, டீபாடி, அதாவது டேபிளின் உடல் பகுதிக்கான குறி. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் டேபிளுக்குள் நேராக வரிசைகள் இருக்கும். அதை நம்பி 'டேபிளின் நேர்ப் பிள்ளையான வரிசை' என்று செலக்டர் எழுதினால் ஒன்றும் கிடைக்காது. பிரிக்கும்போது நடுவில் டீபாடி ஒன்றை ப்ரவுசர் தானே செருகிவிடும். அரைநாள் இதில் போனவர்களை எனக்குத் தெரியும். மூலத்தைப் பார்த்து செலக்டர் எழுதாதீர்கள், பிரித்து வந்த மரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

மூன்று, நோஸ்கிரிப்ட், அதாவது ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் காட்டுவதற்கென்று எழுதும் பகுதி. ஸ்கிரிப்ட் ஓடாத ஆவணம் என்பதால், நோஸ்கிரிப்ட்டுக்குள் இருப்பவையும் நிஜ உறுப்புகளாக வந்து நிற்கும். ஒரே படமோ லிங்க்கோ இரண்டு முறை எண்ணிக்கையில் வந்தால் இங்கே பாருங்கள்.

நான்காவதுதான் முக்கியமானது. டாம்பார்சரில் பிரித்த டேபிள் அழகாக இருக்கிறது என்று அப்படியே தூக்கி உங்கள் பக்கத்தில் அப்பெண்ட்சைல்ட் செய்தால், அந்த நொடியில் அதன் சொந்த ஆவணம் மாறுகிறது. அட்டையில் பெயர் ஏறிவிட்டது. உள்ளே இருந்த படங்கள் இறங்கத் தொடங்கும், ஆன்எரரும் உயிர்பெறும். டாம்பார்சர் சுத்திகரிப்புச் சாதனம் இல்லை, தள்ளிவைக்கும் இடம் மட்டுமே. வேண்டிய செல்லின் டெக்ஸ்ட்கன்டென்ட்டை மட்டும் எடுத்து, உங்கள் பக்கத்தில் நீங்களே உருவாக்கிய உறுப்பில் டெக்ஸ்ட்கன்டென்ட்டாகவே வையுங்கள். உறுப்பு எதுவும் எல்லை தாண்ட வேண்டாம், எழுத்து மட்டும் தாண்டட்டும். வடிவத்தோடு காட்டியே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தால் டாம்ப்யூரிஃபை போன்ற நூலகம் ஒன்றில் வடிகட்டிய பிறகு காட்டுங்கள்.

ஃபெட்ச் பற்றியும் இரண்டு வார்த்தை. 404 வந்தாலும் 500 வந்தாலும் ஃபெட்ச் தோல்வி என்று சொல்லாது. நெட்வொர்க்கே அறுந்தாலோ ப்ரவுசர் தடுத்தாலோதான் சொல்லும். எனவே ரெஸ்பான்ஸ்.ஓகே என்பதைப் பார்க்காமல் பிரிக்கத் தொடங்காதீர்கள். இல்லாவிட்டால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற பக்கத்தில் போய் அலை உயரத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ரெஸ்பான்ஸின் டெக்ஸ்ட் செயல், சர்வர் எந்தக் குறியேற்றம் (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) என்று சொன்னாலும் காதில் வாங்காது, எப்போதும் யூடிஎஃப்-8 என்றே படிக்கும். இன்றைய தளங்கள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்பதால் தெரியாமலே போய்விடும். வேறு குறியேற்றம் என்றால் அர்ரேபஃபராக எடுத்து, டெக்ஸ்ட்டிகோடரிடம் சரியான பெயரைச் சொல்லிப் படிக்க வேண்டும். பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரெக்வெஸ்ட்டில் பதில் வகையை 'டாக்குமெண்ட்' என்று வைத்தால் ஸ்கிரிப்ட் ஓட்டாமல், படம் இறக்காமல், பக்கத்துக்குள் எழுதியிருக்கும் குறியேற்றத்தையும் மதித்து ஆவணமாகவே தரும். பழசு என்று அதை ஒதுக்க வேண்டாம்.

தமிழ்ப் பக்கங்களை எடுப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வேலை இருக்கிறது. யூனிகோடு பரவும் முன் எழுதப்பட்ட தளங்கள் திஸ்கி, டாப் போன்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களில் இருக்கும். டாப் 1999-இல் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. இவை இரண்டும் டெக்ஸ்ட்டிகோடருக்குத் தெரியாது. பைட்டுகளாக எடுத்து, அட்டவணை வைத்து நாமே மாற்ற வேண்டும். அதோடு, அவை பார்வை வரிசையில் எழுதப்பட்டவை. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று இருக்கும். யூனிகோடில் மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. வரிசையையும் திருப்பிப் போடவேண்டும். உங்கள் அலைப் பக்கத்துக்கு இது தேவைப்படாது, ஆனால் பழைய தமிழ் இணையத்தைக் காப்பாற்ற நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போனில் பிரிக்கவே மாட்டேன். படங்கள் நின்ற பிறகும் அந்த முழு ஹெச்டிஎம்எல் ஒவ்வொரு முறையும் அப்பாவின் போனுக்குத்தான் வந்து இறங்குகிறது. அவருக்கு வேண்டியது நாலு எண். நடுவில் சர்வர் ஏற்கெனவே இருக்கிறது. வேறு தளத்தின் பக்கத்தை ப்ரவுசர் நேரடியாகப் படிக்க விடாது என்பதால்தானே அதை வைத்தீர்கள். சிலர் அதைத் தவிர்க்க ஃபெட்ச்சில் 'நோ-கார்ஸ்' என்று போடுவார்கள். பதில் வரும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாது, ஒட்டிய கவர்போல. ஆக, சர்வர் இருப்பதே சரி. பிரிக்கும் வேலையையும் அங்கேயே தள்ளிவிடுங்கள்.

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்ட உதவும் நோட்.ஜேஎஸ்ஸில் 18-ஆம் பதிப்பிலிருந்து ஃபெட்ச் கூடவே வருகிறது. டாம்பார்சர் மட்டும் அங்கே இல்லை. அதற்கு சீரியோ என்ற நூலகம் போதும். அது ப்ரவுசரே இல்லை, ஹெச்டிஎம்எல்லை மரமாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. படம் இறக்கவும் ஸ்கிரிப்ட் ஓட்டவும் அதற்குத் தெரியவே தெரியாது. ஜேஎஸ்டாம் என்று இன்னொன்று உண்டு, ப்ரவுசரின் டாமை முழுசாகப் போலச் செய்வது. அதுவும் தானாக எதையும் இறக்காது, ஓட்டாது. ஓட்ட வேண்டுமென்றால் கொடுக்கவேண்டிய அமைப்பின் மதிப்புக்கே 'டேஞ்சரஸ்லி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு எண்ணுக்கு ஜேஎஸ்டாம் தேவையில்லை.

எடுத்த எண்களை சர்வரிலேயே வைத்துக்கொண்டு, போன் கேட்டால் ஜேசன் என்ற சுருக்கமான தரவு வடிவில் கொடுங்கள். நூறு பேர் பார்த்தாலும் மூலத் தளத்தை ஒரு முறைதான் தட்ட வேண்டும். முன்னறிவிப்பு ஒரு நாளில் சில தடவைதான் மாறும், நிமிடத்துக்கு ஒரு முறை போய் அவர்கள் கதவைத் தட்டுவது முறையில்லை. அந்தத் தளம் ஈடேக் (பக்கத்தின் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) கொடுத்தால் அதை அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் ஹெட்டரில் திருப்பி அனுப்புங்கள். மாற்றம் இல்லையென்றால் 304 என்று மட்டும் பதில் வரும், உடல் வராது. ப்ரவுசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், நோடின் ஃபெட்ச்சில் நீங்கள்தான் எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் லாஞ்சுகள் கரையில் நிற்கும், அப்போது நிறுத்திவிடலாமா என்று தோன்றும். நிறுத்தாதீர்கள், நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலுக்குப் போகும்.

ஃபெட்ச் செய்து பார்த்தால் டேபிளே இல்லை, காலி டிவ்தான் வருகிறது என்றால், அந்தப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டால் நிரப்பப்படுவது. உடனே பப்பட்டியர், ப்ளேரைட் என்று முழு ப்ரவுசரை சர்வரில் ஏற்றவேண்டாம். முதலில் நெட்வொர்க் டேபைத் திறந்து, அந்த எண்கள் எந்த முகவரியிலிருந்து ஜேசனாக வருகின்றன என்று பாருங்கள். பல நேரம் பிரிக்கும் வேலையே மிச்சமாகிவிடும். வேறு வழியே இல்லாமல் முழு ப்ரவுசர்தான் என்றால், வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் இடைமறித்து, அதன் வகை படமோ எழுத்துருவோ வீடியோவோ என்றால் வெட்டிவிடுங்கள். இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் பயம் வந்தது இதில்தான்.

டேபிளில் ஒரு செல் காலியாக இருந்தால் உங்கள் நிரல் என்ன செய்கிறது? ஜாவாஸ்கிரிப்ட்டில் நம்பர் என்ற செயலிடம் காலி எழுத்தைக் கொடுத்தால் 0 என்று பதில் சொல்லும். வெற்று இடைவெளியைக் கொடுத்தாலும் 0தான். அதாவது, அறிவிப்பு வராத நாளில் உங்கள் பக்கம் 'அலை உயரம் 0 மீட்டர்' என்று காட்டும். சரி என்று பார்ஸ்ஃப்ளோட்டுக்கு மாறினால், '1.2-2.1' என்று இருக்கும் இடத்தில் அது 1.2-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பெரிய எண்ணைத்தானே அப்பா பார்க்க வேண்டும்? ஆகவே செல்லில் இருக்கும் எழுத்தை முதலில் ஒரு வடிவத்தோடு ஒப்பிடுங்கள்: ஒரு எண், அல்லது நடுவில் கோடு போட்ட இரண்டு எண். இரண்டு என்றால் இரண்டையும் காட்டுங்கள். எதிலும் சேராவிட்டால் 'தகவல் இல்லை' என்று காட்டுங்கள்.

'மூன்றாவது செல்' என்று எண்ணி எடுக்காதீர்கள். தலைப்பு வரிசையைப் படித்து, 'அலை உயரம்' என்பது எத்தனையாவது என்று ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து எடுங்கள். அவர்கள் நாளைக்கு ஒரு நெடுவரிசையை நடுவில் சேர்த்தால், காற்றின் வேகம் அலை உயரமாக வந்து நிற்கக்கூடாது. அலகையும் தலைப்பிலிருந்தே எடுங்கள். காற்றின் வேகம் 'நாட்' என்ற கடல் அலகில் இருக்கிறதா, கிலோமீட்டரிலா? ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 20 என்ற எண் இரண்டிலும் ஒன்றல்ல. நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அவர்கள் 21 மணி என்று எழுதியிருப்பது நமக்கு மறுநாள் விடியற்காலை 2.30, அப்பா கிளம்பும் நேரம்.

எண்களுக்கு மேலே, அறிவிப்பு வெளியான நேரத்தை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துப் பெரிதாகப் போடுங்கள். நீங்கள் ஃபெட்ச் செய்த நேரம் அதற்கு ஈடாகாது. அறிவிப்பு 12 மணி நேரத்துக்கு மேல் பழசாகிவிட்டால் எண்களை மறைத்துவிட்டு, மூலப் பக்கத்தின் லிங்க்கை மட்டும் காட்டுங்கள். அன்றைக்கு டேட்டா கொஞ்சம் போனாலும் போகட்டும்.